வெள்ளிக்கிழமை வாங்கிக்கங்க

ஒரு சின்னக் கேள்வி. கடைசியாக எதற்காக நீங்கள் ஒரு வாரம் காத்திருந்தீர்கள்?

கேஸ் சிலிண்டர், பாஸ்போர்ட் என்று ஏதாவது சொல்வீர்கள். அதைக் கேட்கவில்லை. என்ன வரப் போகிறது என்றே தெரியாமல், ‘நல்லா வந்திருக்கணுமே’ என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு நாள் எண்ணுவது... அந்தக் காத்திருப்பு. கேமராவுக்குள் பிலிம் ஓடிய காலத்தில் அது எல்லார் வீட்டிலும் இருந்தது. இப்போது போனில் எடுத்த அடுத்த நொடியே முகம் தெரிகிறது. பிடிக்கவில்லையா, அழித்துவிட்டு இன்னொன்று. காத்திருக்க நேரமும் இல்லை, அவசியமும் இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன் திண்டுக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் அந்தக் காத்திருப்பை 250 ரூபாய்க்கு வாங்கினேன். அக்ஃபா கிளிக் த்ரீ கேமரா. பரோடாவில் தயாராகி, ஒரு காலத்தில் நடுத்தர வீட்டுக் காதுகுத்துகளையும் கொடைக்கானல் டூர்களையும் படம் பிடித்த பெட்டி. உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக். பேட்டரி கிடையாது. வெயிலா, மேகமா என்று பார்த்து ஒரு குமிழைத் திருப்ப வேண்டும். அதன் மொத்த அறிவும் அவ்வளவுதான். முதுகில் சின்னதாக ஒரு சிவப்பு ஜன்னல். எட்டிப் பார்த்தால் நம்பர் தெரியும். பன்னிரண்டு வந்ததும் ரோல் காலி.

நான் பி.காம் படித்தவன். கணக்குப் போடாமல் இருக்க முடியாது. கேமரா 250 ரூபாய். அதில் போடும் ஒரு ரோல் நான் வாங்கியபோது 900 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் ஒரு படத்துக்கு 75. யானையைச் சும்மா கொடுத்தாலும் தீனிக்கு யார் போவது என்று பெரியவர்கள் கேட்பார்களே, அந்தக் கதைதான். ஒரு காலத்தில் இந்தத் தீனி நம் ஊட்டியிலேயே கிடைத்தது. 1960-ல் ஆரம்பித்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் போட்டோ பேப்பரும் தயாரித்தது. அதை மூடியாயிற்று. இப்போது நான் வாங்குவது இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருகிற சரக்கு.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது. ஒரு தட்டுக்கு 75 ரூபாய் என்றதும் கண் தானாகத் திறந்துகொள்கிறது. வேடசந்தூரில் பிறந்து வளர்ந்தவன் நான். குடகனாற்றுப் பாலத்தை ஆயிரம் தடவை கடந்திருப்பேன். பாலத்துத் தூண்களின் நிழல் சாயங்காலம் மணலில் எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதை இந்தப் பிளாஸ்டிக் பெட்டி வந்த பிறகுதான் பார்த்தேன்.

அதைவிடப் பெரிய சந்தோஷம் வீட்டிலேயே பிலிம் கழுவுவது. ராத்திரி குளியலறையில் லைட்டை அணைத்து, கதவிடுக்கைத் துண்டால் அடைத்து, கும்மிருட்டில் விரலையே கண்ணாக்கி பிலிமைச் சுருளில் ஏற்ற வேண்டும். டப்பாவை மூடிய பிறகு லைட் போடலாம். டெவலப்பர் 20 டிகிரியில் இருந்தால் நல்லது என்பது பாடம். எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் சித்திரையில் கிட்டத்தட்ட வெந்நீர். வாளியில் ஐஸ் கட்டியைப் போட்டு, அதற்குள் பாட்டிலை நிறுத்தி, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அப்புறம் ஹைப்போ. படம் வெளிச்சத்தில் அழியாமல் நிலைக்க வைக்கும் உப்பு அது. ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1839-ல் போட்டோவுக்குப் பயன்படுத்திக் காட்டியதை இன்றும் கரைத்துக்கொண்டிருக்கிறோம். கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரில் அலசினால் உப்பு காய்ந்து நெகடிவ்மேல் திட்டுத் திட்டாக நிற்கும்.

காபியில்கூடக் கழுவிப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். இன்ஸ்டன்ட் காபித்தூளும் சலவைச் சோடாவும் கலந்த கரைசலில் படம் வரும் என்று 1995-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஒரு வாத்தியாரும் மாணவர்களும் செய்து காட்டினார்கள். எனக்கும் வந்தது. படத்தைவிட நாற்றம்தான் அதிகம் வந்தது. ‘இனிமே அந்த டம்ளர்ல எனக்குக் காபி குடுத்தீங்கன்னா பாருங்க’ என்றாள் என் மனைவி.

ஈரப் பிலிமைச் சுருளிலிருந்து உருவி விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிப்பீர்கள் பாருங்கள்... வெள்ளை வேட்டி கறுப்பாக, கறுப்புத் தலைமுடி வெள்ளையாக, பன்னிரண்டு குட்டிக் கட்டங்களில் உலகம் தலைகீழாகத் தொங்கும். அந்த நிமிஷத்துக்கு விலையே இல்லை.

இதையெல்லாம் நண்பர்களிடம் சொல்லிச் சொல்லி நான் ஒரு குட்டிச் சாமியார் ஆகியிருந்தேன். ‘எல்லாமே அவசரம்யா. காத்திருக்கக் கத்துக்கணும். அதுதான் இந்தக் கேமரா சொல்ற பாடம்.’ இப்படி உபதேசம் பண்ணிக்கொண்டு திரிந்தவனுக்குத்தான் போன வருஷம் ஒரு அடி விழுந்தது.

தை மாதம். குடகனாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு அப்பத்தா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தது. எழுபத்தைந்து வயசுக்குக் குறையாது. என் கழுத்தில் தொங்கியதைப் பார்த்துவிட்டு, ‘என்னய்யா அது, டப்பா?’ என்றது.

‘கேமரா அப்பத்தா.’

‘அப்ப என்னய ஒண்ணு எடு.’

முந்தானையைச் சரிசெய்து, கம்பை மடியில் குறுக்கே வைத்து, பாலத்துச் சுவரில் ராணி மாதிரி உட்கார்ந்தது. ஒரு டொக். அவ்வளவுதான் சத்தம்.

‘எங்க, காட்டு.’

‘இதுல தெரியாது அப்பத்தா. கழுவித்தான் பாக்கணும்.’

அதற்கு ஒரே சிரிப்பு. ‘சரி, கழுவிக் கொண்டாந்து குடு. எனக்குன்னு நல்லதா ஒரு போட்டா கெடையாது. ஆதார் கார்டுல இருக்கறது நா இல்ல, எவளோ.’

‘பத்து நாள்ல தர்றேன்’ என்றேன். வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டேன்.

ரோலில் இன்னும் எட்டுப் படம் பாக்கி இருந்தது. எட்டு எழுபத்தைந்து அறுநூறு. வீணாக்க மனசு வருமா? நல்ல வெளிச்சம், நல்ல முகம் என்று தேடிக்கொண்டிருந்ததில் மாசி போனது. பங்குனியில் ரோல் முடிந்தது. வெயில் ஏறிவிட்டது, இந்தச் சூட்டில் கழுவினால் சரியாக வராது, கொஞ்சம் குளிரட்டும் என்று அலமாரியில் வைத்தேன். உண்மையைச் சொன்னால், வைத்திருப்பதிலேயே ஒரு சுகம் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு பொட்டலம். நானே எனக்கு எழுதிய, இன்னும் பிரிக்காத கடிதம்.

ஆடிக் காற்று வீச ஆரம்பித்த பிறகு கழுவினேன். நாலாவது கட்டம் அப்பத்தா. பக்கவாட்டு வெயில், சுருக்கம் சுருக்கமாக முகம், வாய்விட்டு ஒரு சிரிப்பு. என் வாழ்க்கையிலேயே நான் எடுத்த நல்ல படம் அதுதான். ஸ்கேன் செய்து, பெரிதாகப் பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

வாசலில் மகன் இருந்தார். நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, அப்போதுதான் எழுந்திருக்கிறார். ‘அம்மா ஆனி மாசமே போயிருச்சு சார்’ என்றார்.

உள்ளே சுவரில் மாலை போட்ட படம். அந்த ஆதார் கார்டு முகம். யாரோ கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, பின்னால் நீலம் அடித்து, உடம்புக்கு ஒரு பட்டுப் புடவையை ஒட்டவைத்திருந்தார்கள். முகம் கலங்கலாகத் தெரிந்தது. அப்பத்தா சொன்னது சரிதான். அது வேறு எவளோ.

நான் கொண்டுபோன படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். கண் கலங்கினார். ‘இதை மாட்டிருங்கண்ணே’ என்றேன். அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தயங்கி, ‘பதினாறு கும்பிட்ட படம்ங்க அது. எறக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்வாங்க’ என்றார். என் படம் ஒரு துணிப்பைக்குள் போய் பீரோவுக்குள் போனது.

கிளம்பும்போது அவர் கேட்டார். கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

‘அன்னைக்கு உங்க கையில போன் இல்லையா சார்?’

இருந்தது. சட்டைப் பையில்தான் இருந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தது. நான் காத்திருந்தேன், காத்திருந்தேன் என்று பெருமை பேசினேனே... காத்திருந்தது நானா? நான் ரசித்துக்கொண்டிருந்தேன். காத்திருந்தது அப்பத்தா.

அம்மியில் அரைத்த சட்னிக்கு ஈடே இல்லை என்று நாம் எல்லாருமே சொல்வோம். யார் சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் சாப்பிட்டவர்கள். விடியற்காலையில் குனிந்து உட்கார்ந்து அரைத்த கை அப்படிச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. என் அம்மாவிடம் மிக்ஸி வந்த அன்றைக்குக் கேட்டிருந்தால் அம்மியைத் தூக்கித் தெருவில் போடச் சொல்லியிருப்பாள். நிதானம் நல்லதுதான். ஆனால் அதற்கு யார் கணக்கில் பற்று எழுதுகிறோம் என்று ஒரு தடவை பேரேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

‘எங்க, காட்டு’ என்று அப்பத்தா கேட்டதே, அது உலகம் முழுக்க உள்ள ஆசை. 1943-ல் எட்வின் லேண்ட் என்ற அமெரிக்கர் தன் சின்ன மகளைப் படம் எடுத்தார். ‘ஏன் இப்பவே பாக்க முடியாது?’ என்று அது கேட்டதாம். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் எடுத்த ஒரு நிமிஷத்தில் கையில் கிடைக்கிற போலராய்டு கேமரா. 1948-ல் கடைக்கு வந்தது. ஒரு குழந்தை கேட்டதற்கு ஐந்து வருஷம் மெனக்கெட்டுப் பதில் சொன்ன மனிதர்! நானோ பதிலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ‘கழுவித்தான் பாக்கணும்’ என்றேன்.

கலைஞர்களை உதாரணம் காட்டித் தப்பிக்கவும் பார்த்தேன். கேரி வினோகிராண்ட் என்று நியூயார்க் தெருக்களைச் சுட்டுத் தள்ளிய பெரிய போட்டோகிராபர். எடுத்த சூட்டோடு பார்த்தால் அன்றைய மனநிலை படத்தை எடைபோட விடாது என்று ரோல்களை வேண்டுமென்றே ஆறப் போட்டவர். 1984-ல் அவர் இறந்தபோது கழுவாத ரோல்கள் சுமார் 2,500 இருந்தன. சிகாகோவில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலை செய்த விவியன் மேயர், ஒரு லட்சத்துக்கும் மேல் படம் எடுத்து, கிட்டத்தட்ட யாருக்குமே காட்டாமல் 2009-ல் இறந்து போனார். இன்று உலகம் கொண்டாடுகிறது. கலைக்கு அந்த நிதானம் தேவையாக இருக்கலாம். இல்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் அவர்கள் எடுத்தது பெரும்பாலும் தெருவில் போனவர்களை. ‘பத்து நாள்ல தர்றேன்’ என்று அந்த முகங்களிடம் சொல்லிவிட்டு எடுக்கவில்லை. நான் சொன்னேன். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

அப்போதுதான் எங்கள் ஊர் ஸ்டுடியோக்கார அண்ணன் ஞாபகத்துக்கு வந்தார்.

80-களின் கடைசி. அக்கா கல்யாணத்துக்கு முன்னால் குடும்பத்தோடு ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அந்த ஸ்டுடியோ. பின்னால் அரண்மனைப் படி வரைந்த திரை. எல்லாரையும் நிறுத்தி, மோவாயை நிமிர்த்தி, ‘சிரிக்காம இருங்க, ஆனா மொறைக்காம இருங்க’ என்று ஒன்றே ஒன்று எடுத்தார். ஒரு சீட்டுக் கிழித்து, தேதி எழுதிக் கொடுத்தார். ‘வெள்ளிக்கிழமை வாங்கிக்கங்க.’

வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணி இருக்கும். வாசலில் சைக்கிள் மணி. அந்த அண்ணன்தான் வியர்க்க விறுவிறுக்க நின்றார். ‘ரெண்டு நாளா கரன்ட் நிக்க மாட்டேங்குது. பிரின்ட் போட முடியல. நாளைக்கு வந்து ஏமாந்துறக் கூடாதேன்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் கண்டிப்பாத் தர்றேன்.’ ஒரு நாள் தாமதம். அதைச் சொல்ல சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை போனால் படம் தயார். ஆனால் அவசரத்தில் கொடுத்த படம் அல்ல. ஹைப்போ மிச்சமிருந்தால் நாளாவட்டத்தில் படம் பழுத்து மஞ்சளாகிவிடும். அதனால் தொட்டியில் போட்டுத் தண்ணீர் மாற்றி மாற்றி அலசுவார். தண்ணீர் பஞ்சமான ஊரில் படத்துக்கு அவ்வளவு செலவழிப்பார். இன்றைக்கும் அந்தப் படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்பாவின் மீசை அப்படியே கறுப்பாக இருக்கிறது.

அவரும் தாமதித்தார், நானும் தாமதித்தேன். அவர் தாமதித்தது படம் முப்பது, நாற்பது வருஷம் நிற்க வேண்டும் என்பதற்காக. நான் தாமதித்தது எனக்கு ஒரு சுகம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்பதற்காக. காத்திருப்பது அழகு என்று அவர் ஒருநாளும் பேசியதில்லை. எதிரே நிற்பவருக்கு அது ஒரு பாரம் என்று தெரிந்ததால்தான் தேதி எழுதிக் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் பலருக்கு ஆயுசுக்கே ஒரு படம், இரண்டு படம்தான். அதனாலேயே அவற்றுக்கு மதிப்பு. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடிப் பிடித்து, பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு டிஜிட்டலில் பதிந்து வைத்திருக்கிறார்கள் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார். தப்பித்தவை அவை. எடைக்குப் போனவையும் உண்டு. நெகடிவில் வெள்ளி இருக்கிறது அல்லவா, அதற்காக. எங்கள் ஊர் ஸ்டுடியோ இருந்த இடத்தில் இன்று செல்போன் ரீசார்ஜ் கடை.

‘அப்படியானால் கேமராவைத் தூக்கிப் போட்டுவிட்டாயா?’ என்று கேட்பீர்கள். இல்லை. பழசை ரசிப்பது பாவம் இல்லை. இருட்டில் விரலால் பிலிமைத் தடவும் சந்தோஷம் எனக்கு இன்னமும் வேண்டும். இரண்டே இரண்டு மாற்றம் செய்திருக்கிறேன். யாரையாவது எடுத்தால் முதலில் போனில் ஒன்று எடுத்து, அங்கேயே காட்டி, அவர்களுக்கே அனுப்பிவிடுகிறேன். அப்புறம்தான் என் பெட்டி. இரண்டாவது, ஒரு நோட்டு. பி.காம் புத்தி. இடது பக்கம் பெயர், எத்தனாவது கட்டம். வலது பக்கம் கொடுக்க வேண்டிய தேதி. தேதி வந்துவிட்டால் ரோலில் ஆறு படம் மிச்சமிருந்தாலும் கழுவியே ஆக வேண்டும். நானூற்றைம்பது ரூபாய் நஷ்டம்தான். நஷ்டத்தை என் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். அங்கேதான் அதை எழுத வேண்டும்.

ஐப்பசியில் ஒரு போன் வந்தது. அப்பத்தாவின் மகன். ‘சார், அந்தப் போட்டாவ ஈரோட்ல இருக்கற தங்கச்சி வந்து பாத்துட்டு அழுதுட்டா. அவளுக்கு ஒண்ணு வேணுமாம். தீபாவளிக்கு வர்றப்ப எடுத்துட்டுப் போவா. எப்ப கெடைக்கும் சார்?’

‘வெள்ளிக்கிழமை வாங்கிக்கங்கண்ணே’ என்றேன்.

வியாழக்கிழமை சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.